மலிவான திருப்புளி கற்பித்த பாடம்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை எழுதுவோர் மொழியின் தொன்மையைப் பற்றியோ பண்பாட்டின் பெருமையைப் பற்றியோ எழுதுவதே வழக்கம். அவ்வழக்கத்திலிருந்து சற்று விலகி, எட்டுப் பவுணுக்கு நான் வாங்கிய ஒரு கருவிப் பெட்டியைப் பற்றி எழுத முற்படுகின்றேன். இதுவும் ஒரு பொருளா என்று முகஞ் சுளிக்க வேண்டாம். அப்பெட்டியினால் எனக்கு உண்டான செலவு எட்டுப் பவுண் மட்டுமன்று என்பதைப் பின்னர் அறிவீர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எமது விழாவிலே மாணவர்கள் ஒரு சிறு நாடகம் நடித்தனர். கிராமத்து வீட்டு முற்றம் ஒன்றை மேடையிலே காட்டுவதற்காக ஐந்து பெரிய பலகைகளை மரச்சட்டங்களிற் பொருத்த வேண்டியிருந்தது. அதனைச் செய்து தருவதாகக் கூட்டத்திலே முதலிற் கை உயர்த்தியவன் நான். தச்சு வேலையில் எனக்கு இருந்த அனுபவம், இந்நாட்டுக்கு வந்த பின்னர் பெட்டியில் வரும் தளபாடங்களைப் படத்தைப் பார்த்துப் பூட்டிய அனுபவமே. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு கடைக்குச் சென்றேன். நாற்பதுக்கு மேற்பட்ட கருவிகள் அடங்கிய பெட்டி ஒன்று எட்டுப் பவுணுக்குக் கிடைத்தது. ‘சகல வேலைகளுக்கும் ஏற்றது’ என்று அதன் மேல் ஆங்கிலத்திலே கொட்டை எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. ஒரு நல்ல திருப்புளியின் விலைக்கே நாற்பது கருவிகள் கிடைத்தமையால் மிகுந்த மகிழ்ச்சியுடன் மண்டபத்திற்கு மீண்டேன். (வீட்டிலே நாம் ஸ்குறூ ட்றைவர் என்று சொல்லும் பொருளுக்குத் திருப்புளி என்பதே நல்ல தமிழ்ப் பெயர். அதனாற் சுழற்றப்படும் ஆணி திருகாணி எனப்படும்.)

அடுத்த நாள் விழா. மண்டபத்தை இரவு பத்து மணிக்குப் பூட்டி விடுவார்கள். எட்டு மணியாகியும் இரண்டு பலகைகளே பூட்டப்பட்டிருந்தன. திருகாணி பாதி இறங்கியதும் திருப்புளி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வழுக்க வழுக்க ஆணியின் தலை தேய்ந்து, பிடிப்பதற்கு இடமில்லாத வெறுங் குழியாயிற்று. திருப்புளியின் நுனியும் கூர்மை இழந்து மழுங்கிற்று. மூன்றாவது பலகையிலே பலங்கொண்ட மட்டும் அழுத்தித் திருகியபோது கைப்பிடி இரண்டாகப் பிளந்து என் உள்ளங்கையைக் கிழித்தது.

அவ்வேளையிலே பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த ஒரு தந்தையார் மேடையருகே வந்தார். கட்டட வேலை செய்பவர். கிழிந்த கையைப் பார்க்கு முன்னர் அவர் ஆணியையே பார்த்தார்.

“மாஸ்டர், இந்த ஆணிக்கு இது பொருந்தாது. ஆணியின்ரை தலையை ஒருக்கா வடிவாப் பாருங்கோ.”

பார்த்தேன். சிலுவைக் குறி தெரிந்தது. அதன் நான்கு கைகளுக்கும் இடையிலே மெல்லிய நான்கு கோடுகள் இருந்ததை அதுவரை நான் கவனித்ததே இல்லை. எளிய சிலுவைத் தலைக்குப் பிலிப்ஸ் என்று பெயர். அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1930களிலே காப்புரிமை பெற்றுப் பரப்பியது. அதன் குழி உள்ளே போகப் போக ஒடுங்கிச் செல்வதனால், விசை மிகும்போது திருப்புளி தானாகவே மேலெழுந்து வழுக்கும். இடையிலே நான்கு கோடுகள் உள்ளது போசிட்றைவ் எனப்படும் பிற்காலத் திருத்தம். அதன் குழிச் சுவர்கள் ஏறத்தாழ நேராக நிற்பதனால் திருப்புளி நன்கு பற்றிக்கொள்ளும். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் மரவேலைக்கு விற்கப்படும் திருகாணிகளிற் பல இவ்வகையினவே. ஒன்றுக்குரிய திருப்புளி மற்றதனுள் நுழையும், ஆனால் நில்லாது. நான் பிலிப்ஸ் திருப்புளியைக் கொண்டு போசிட்றைவ் ஆணியுடன் இரண்டு மணி நேரம் போராடியிருக்கின்றேன்.

ஆகவே, குற்றம் முழுவதையும் கருவியின் மேற் சுமத்துவது நீதியன்று. எனினும் கருவியும் குற்றமற்றதன்று. அந்தத் தந்தையார் நுனியைத் தடவிப் பார்த்து, “இது பச்சை இரும்பு, மாஸ்டர்” என்றார். எமது ஊர்க் கம்மாலைகளிலே கத்தி அடிப்பதைப் பார்த்த பெற்றோர்களுக்கு இது விளங்கும். கொல்லர் கத்தியைச் செக்கச் செவேலெனக் காய்ச்சித் தண்ணீரிலே அமிழ்த்துவார். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அதனால் எஃகு கடினமாகும். ஆனால் கண்ணாடியைப் போல உடையுந் தன்மையும் வந்துவிடும். ஆதலால் மீண்டும் மெல்லச் சூடேற்றிப் பதம் பார்ப்பர். துலக்கிய எஃகின் மேற்பரப்பு சூடேற ஏற முதலில் வைக்கோல் நிறமும், பின்னர் கபிலமும் ஊதாவும், 300 பாகை செல்சியசு அளவிலே நீலமும் கொள்ளும். எந்த வேலைக்கு எந்த நிறத்திலே நிறுத்த வேண்டும் என்பதை அறிவதே கொல்லரின் வித்தை. தோய்ச்சல் குறைந்தால் நுனி மழுங்கும். பதம் பாராது விட்டால் நுனி ஒடியும். கண்ணாற் பார்க்கும்போது நல்லதும் தீயதும் ஒரே பளபளப்புடனேயே இருக்கும். வேலை வைத்த பின்னரே வேறுபாடு தெரியும்.

அவர் தமது வாகனத்திலிருந்து திருப்புளியைக் கொண்டுவந்தார். மரப்பிடி போட்டது. பல ஆண்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது. மிகுதி மூன்று பலகைகளும் அரை மணி நேரத்தில் முடிந்தன. வேலை இவ்வளவு இலகுவாக முடிந்ததைக் கண்ட நான், ஆசை மிகுந்து, மேடை முகப்புக்கு ஒரு தோரண வளைவும் செய்து தர இயலுமா என்று கேட்டேன்.

“இல்லை மாஸ்டர், அது இண்டைக்கு என்னாலை ஏலாது. விடிய ஆறு மணிக்கு வேலைக்குப் போகோணும். இந்தத் திருப்புளியையும் இப்பவே கொண்டு போகோணும், குறை நினையாதேங்கோ.”

உண்மையைச் சொன்னால், நான் குறை நினைத்தேன். பாடசாலைக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கக் கூடாதா என்று மனத்துள் முணுமுணுத்துக்கொண்டேன்.

நிற்க. மலிவான பொருள் எல்லாம் தீயது என்று கூறுவது என் நோக்கமன்று. இந்நாட்டுக்கு வந்த முதலாண்டிலே எம்மவரிற் பலர் மலிவானதையே வாங்கினோம். வேறு வழி இருக்கவில்லை. என் முதல் மாரி காலத்திலே மூன்று சோடிச் சப்பாத்துகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் பனிச்சேற்றிலே ஊறி, சில கிழமைகளில் அடித்தோல் வாய் பிளந்தது. மூன்றின் விலையையும் கூட்டினால் ஒரு நல்ல சோடி வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தொகை ஒரே தடவையில் என் கையில் இருந்ததில்லை. ஆங்கில எழுத்தாளர் ரெறி பிரட்செற் 1993இல் வெளியிட்ட ஒரு நகைச்சுவை நாவலிலே காவலர் ஒருவர் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார். செல்வர் ஐம்பது வெள்ளிக்கு வாங்கிய சப்பாத்து ஆண்டுக்கணக்கில் உழைக்க, வறியவர் பத்து வெள்ளிச் சப்பாத்தைத் திரும்பத் திரும்ப வாங்கி, அதனிலும் அதிகஞ் செலவிட்டு, ஈரக்காலுடனேயே திரிவார் என்பது அவர் கண்ட முடிவு. படித்தபோது சிரிப்பு வரவில்லை. என் சப்பாத்துகளே நினைவுக்கு வந்தன.

ஆயினும் இக்கணக்கு எல்லாப் பொருளுக்கும் பொருந்துமென நான் எண்ணவில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை பசை பூசும் தூரிகைக்கு அதிக விலை கொடுப்பது வீண். நாள்தோறும் காய்கறி நறுக்குங் கத்திக்கு விலை பார்ப்பது ஆபத்து. மழுங்கிய கத்தியை அதிகமாக அழுத்த வேண்டியிருப்பதனால் அதுவே வழுக்கிக் கையை வெட்டும். நல்லதா, மலிவானதா என்று கேட்பதிலும் பார்க்க, இதன்மேல் எவ்வளவு பாரத்தை வைக்கப் போகின்றேன் என்று கேட்பது பயனுடையது. எட்டுப் பவுண் பெட்டியின் குற்றம் அது எட்டுப் பவுண் என்பதன்று. படம் மாட்டுவதற்கு மாத்திரம் ஏற்றது என்று எழுதியிருந்தால், அது உண்மையான பெட்டியாக இருந்திருக்கும். சகல வேலைகளுக்கும் ஏற்றது என்று எழுதியதே பிழை.

அந்தப் பெட்டியை நான் குப்பையில் எறிந்தேன். வீட்டிலே இதைக் கேட்ட என் மகள், “ஏன் அப்பா, கடையிலை திருப்பிக் குடுத்திருக்கலாமே?” என்றாள்.

“எட்டுப் பவுணுக்காகப் போய்ச் சண்டை பிடிக்கிறதோ?”

“சண்டை இல்லையே அப்பா. உடைஞ்சு போச்சு எண்டு சொல்லுறதுதானே?”

இவ்விடயத்தில் எம்மிற் பெரும்பாலோர் என் நிலையிலேயே இருக்கின்றோம். திருப்பிக் கொடுப்பதை வெட்கம் என்று எண்ணுகின்றோம். அல்லது மொழி போதாது என்று அஞ்சுகின்றோம். ஆகவே சட்டம் சொல்வதைச் சுருக்கமாக எழுதுகின்றேன். பிரித்தானியாவிலே நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. வணிகர் விற்கும் பொருள் திருப்தியான தரமுடையதாகவும், அதன் நோக்கத்திற்கு ஏற்றதாகவும், விவரிக்கப்பட்டவாறும் இருத்தல் வேண்டும். இல்லையெனில் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம். அதன் பின்னரும் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அதுவும் பயன்படாவிடின் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். முதல் ஆறு மாதங்களுக்குள் பழுது தெரியவந்தால், விற்றபோதே அப்பழுது இருந்தது என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிறுவ வேண்டியவர் வணிகரே. பற்றுச்சீட்டு தொலைந்தால் வங்கிக் கணக்கின் பதிவும் சான்றாகும். ஆனால், வாங்கிய நிறம் வீட்டுக்கு வந்த பின் பிடிக்கவில்லை என்பதற்காகக் கடைக்காரர் பணம் திருப்பித் தரச் சட்டப்படி கடமைப்பட்டவரல்லர். தந்தால் அது அவரது நல்லெண்ணம். இணையத்திலே வாங்கினால் மட்டும், பெரும்பாலான பொருள்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுள் மனம் மாறும் உரிமையும் உண்டு. பொருளைத் தவறாகக் கையாண்டு நாமே கெடுத்திருந்தால் இவை உதவா. பிளந்த கைப்பிடிக்கு நான் பணம் கேட்டிருக்கலாம். தேய்ந்த நுனியைப் பற்றிக் கடைக்காரர் என்னிடமே இரண்டு கேள்வி கேட்டிருப்பார்.

மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னுள்ளே தங்கிவிட்டது. சொல்வது வேறு, சண்டை வேறு. எமது பேச்சிலே இவ்விரண்டும் எப்படியோ ஒன்றாகிவிட்டன.

இனி விழா நாளுக்கு வருவோம். பிற்பகலிலே தேநீர் கொதிகலத்தையும் ஒரு சூடாக்கியையும் மேடைக்குப் பின்னால் ஒரே கம்பிச் சுருளிலே செருகியிருந்தோம். எக்ஸ்ரென்ஷன் றீல் என்கிறோமே, அதுதான். கம்பியை முழுவதும் இழுக்காமல், காலிலே தடக்கும் என்று சுருளாகவே விட்டிருந்தோம். சிறிது நேரத்திலே பிளாஸ்ரிக் உருகும் மணம் வந்தது. நல்ல வேளையாகச் சுருளிலிருந்த வெப்பத் தடுப்பு தானாகவே மின்னை நிறுத்தியது. அதன் பக்கத்திலே ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் வாசித்தோம். முழுவதும் விரித்தால் 13 அம்பியர், சுருட்டிய நிலையில் 5 அம்பியர் என்று இரண்டு எண்கள் தெளிவாக இருந்தன. மாணவர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 5 அம்பியரினால் அதைப் பெருக்கினால் 1150 வாட். கொதிகலம் ஒன்றே 2500 வாட். கம்பியில் மின் ஓடும்போது வெப்பம் உண்டாகின்றது. விரித்த கம்பியில் அது காற்றிலே போய்விடும். சுருளிலே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருப்பதனால் வெளியேற வழியில்லை. ஒரே கம்பிதான். இருக்கும் நிலைக்கேற்ப அதன் எல்லை மாறுகின்றது.

இந்நாட்டுச் செருகியினுள்ளே சிறிய உருளை ஒன்று இருக்கும். பியூஸ் எனப்படும் அதற்கு உருகி என்பது தமிழ்ப் பெயர். பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகின்றது. பிரித்தானியாவின் மூன்று கால் செருகிக்கான தர நியமம் 1947இல் வெளிவந்தபோதே உருகி அதன் பகுதியாயிற்று. வீடுகளிலே சுவருக்குள் வளையமாக ஓடும் மின்சுற்று 32 அம்பியர் வரை தாங்கும்; மேசை விளக்கின் மெல்லிய கம்பியோ அதிற் சிறு பங்கையே தாங்கும். சுவர் தரக்கூடிய அத்தனையும் அந்தக் கம்பியினூடாகப் பாய்ந்தால் கம்பி எரியும். ஆகவே 3 அம்பியர் உருகி ஒன்றை நடுவிலே வைக்கின்றார்கள். அதாவது 690 வாட். அளவு மிஞ்சினால் உருகி முதலில் உருகி மின்னைத் துண்டிக்கும். உருகி போய்விட்டது என்று நாம் சலித்துக்கொள்கின்றோம். அது தன் கடமையைச் செய்து முடித்திருக்கின்றது. சிலர் அவசரத்திற்கு வெள்ளித்தாளைச் சுற்றி அவ்விடத்தை நிரப்புவதுண்டு. விளக்கு எரியும், ஒரு நாள் வீடும் எரியும். பெற்றோரின் துணையுடன், செருகியைச் சுவரிலிருந்து கழற்றிய பின்னர், உங்கள் வீட்டு மேசை விளக்கின் உருகியில் என்ன எண் இருக்கின்றதென்று பாருங்கள். 3 இருக்க வேண்டிய இடத்திலே சில வேளைகளில் 13 இருக்கக் காண்பீர்கள்.

இப்போது, இதுவரை நான் தள்ளிப்போட்டு வந்த செய்தியை எழுத வேண்டும்.

அந்த ஆண்டு நான் ஒப்புக்கொண்டது மேடை வேலையை மட்டுமன்று. விழா மலரின் அச்சுப்படியைத் திருத்தும் பொறுப்பையும் ஏற்றிருந்தேன். அதே கிழமையிலே ஒரு முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மொழிபெயர்த்து உதவவும், உறவினர் ஒருவரின் வீடு மாற்றத்திற்கு உதவவும் சம்மதித்திருந்தேன். எல்லோருக்கும் ‘ஓம்’ என்றேன். எவருக்கும் ‘ஏலாது’ என்று சொல்லவில்லை. அச்சுப்படி நள்ளிரவுக்குப் பின்னர்தான் என் மேசைக்கு வந்தது. பாதிப் பக்கங்களைப் பாராமலே அச்சகத்திற்கு அனுப்பினேன்.

விழா முடிந்து மலர்கள் விநியோகிக்கப்பட்டபோது, கீழ் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஓரமாய்ப் போய் உட்கார்ந்தாள். முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை புரட்டினாள். பின்னர் கடைசியிலிருந்து முதலுக்குப் புரட்டினாள். தன் அம்மம்மாவின் வீட்டுக் கிணற்றைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதித் தந்திருந்தாள். தமிழிலே அவள் முழுமையாக எழுதிய முதற் கட்டுரை அது. கையெழுத்துப் பிரதியை மூன்று தடவை திருத்தி எழுதுவித்தவனும் நான்தான். அது அச்சிலே விடுபட்டிருந்தது. அச்சுப்படியை ஒரு முறை ஒழுங்காகப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அவள் என்னிடம் வந்து கேட்டாள். நான் காரணம் கூறத் தொடங்கினேன். “பரவாயில்லை, மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுத் தாயாரிடம் போய்விட்டாள்.

பரவாயில்லை என்பது பிள்ளைகள் எம்மிடமிருந்தே கற்ற சொல்.

அன்றிரவு என் நெற்றியிலே ‘சகல வேலைகளுக்கும் ஏற்றது’ என்று எழுதி ஒட்டியிருப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. ஐந்து பலகைகளை முடித்துத் தருகின்றேன், வளைவு ஏலாது என்று சொன்னவரின் வேலை ஒன்றும் பிழைக்கவில்லை. அவரைக் குறை நினைத்த என் வேலைதான் பிழைத்தது.

மேல் வகுப்பு மாணவர்கள் திருக்குறளிலே வலியறிதல் என்னும் நாற்பத்தெட்டாம் அதிகாரத்தைப் படித்திருப்பீர்கள். மயிலிறகேயானாலும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற உவமை அங்கேதான் வருகின்றது. அது அரசனுக்குச் சொன்னது, போரைப் பற்றியது. ஆனால் பிறருக்குக் கொடுப்பதையும் தன் அளவறிந்தே கொடுக்க வேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் ஈகை அதிகாரத்திலே வையாமல் இதே அதிகாரத்திலே வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் கேட்டது சிறிய உதவியே. எல்லாம் இறகுகள்தாம்.

மறுப்பதற்குத் தமிழிலே சொற்கள் இல்லாமலில்லை. ஏலாது, இயலாது, முடியாது என்பன ஆற்றல் இல்லை என்பதைச் சொல்வன. வேண்டாம் என்பது தேவையில்லை என்பதைச் சொல்வது. மாட்டேன் என்பது இன்று பிடிவாதமாக ஒலிக்கின்றது. ஆனால் பழந்தமிழிலே மாட்டுதல் என்றால் இயலுதல் என்று பொருள். மாட்டாமை என்பது இயலாமை. ‘செய்ய மாட்டேன்’ என்று சொன்னவர், ‘செய்யும் வல்லமை எனக்கில்லை’ என்றே சொல்லியிருக்கின்றார். இத்தனை சொற்கள் இருந்தும் நாம் பெரிதும் வழங்குவது ‘பார்ப்பம்’ என்னும் சொல்லையே. ஊரிலே ஒருவர் ‘பார்ப்பம்’ என்று இழுத்துச் சொன்னால் அது இல்லை என்பதன் மரியாதை வடிவம் என்று கேட்பவருக்குத் தெரியும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. ‘சனிக்கிழமை கடற்கரைக்குப் போகலாமா’ என்று கேட்ட பிள்ளை, ‘பார்ப்பம்’ என்ற விடையைக் கேட்டு, வெள்ளிக்கிழமை இரவே பையை அடுக்கி வைத்துவிடுகின்றது. பெற்றோர்களே, போக முடியாதென்றால் முடியாதென்றே சொல்லிவிடுங்கள்.

எல்லை வகுப்பது பகை என்ற எண்ணம் எமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வயலுக்கு வரம்பு உண்டு. அளவு என்பதற்கும் எமக்கு அதே சொல்தான். வரம்பு இல்லாவிடில் தண்ணீர் நில்லாது, நெல் விளையாது. அந்த வரம்பின் மேலேதான் ஊரார் நடந்து போவர். யாழ்ப்பாணத்து வீடுகளைச் சுற்றிக் கதியால் நட்டுக் கிடுகால் அடைத்த வேலி இருக்கும். அவ்வேலியிலேயே அயலவர் போய்வர ஒரு பொட்டும் இருக்கும். நெருப்புக் கொள்ளி வாங்கவும், கறி கொடுக்கவும், அவசரத்துக்கு ஓடிவரவும் அதுவே வழி. வேலியை நகர்த்திப் போட்டுத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்களும் எம்மிடையே உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாற் பொட்டு வைப்பதற்கும் முதலில் ஒரு வேலி வேண்டும்.

பெற்றோர்களிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. கொண்டாட்டங்களிலே பெரியவர்கள் கன்னத்தைக் கிள்ளும்போதும் கட்டியணைக்கும்போதும் பிள்ளை ‘வேண்டாம்’ என்று விலகினால், “மாமா கோவிப்பார், போ” என்று தள்ளிவிடாதீர்கள். கைகூப்பி வணக்கம் சொன்னாலே மரியாதை நிறைவாகிவிடும். வீட்டிலே சொன்ன வேண்டாம் செல்லாது என்று கற்ற பிள்ளை, வெளியிலே அதைச் சொல்லத் துணியாது. அடுத்தது மொழிபெயர்ப்பு. வங்கிக் கடிதம், தொலைபேசி, வைத்தியர் என்று எல்லாவற்றுக்கும் பத்து வயதுப் பிள்ளையை முன்னே நிறுத்துகின்றோம். தாயின் நோயைத் தாய்க்கே மொழிபெயர்த்துச் சொல்வது ஒரு பிள்ளை சுமக்கும் பாரமன்று. தேசிய சுகாதார சேவையிலே மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டால் கட்டணமின்றி ஒழுங்கு செய்வார்கள். பிள்ளைகளை அப்பணிக்குப் பயன்படுத்தலாகாது என்பதே அச்சேவையின் வழிகாட்டல். கடையிலே பழுதான பொருளைத் திருப்பிக் கொடுக்கப் பிள்ளையைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். ஆனால் பேசுவது நாமாக இருப்போம். தடுமாறிய ஆங்கிலத்திலும் ‘இது பழுது, பணம் வேண்டும்’ என்று சொல்லிவிட முடியும். சென்ற மாரியிலே ஒரு தேநீர்க் கேத்தலை அவ்வாறு திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் பற்றுச்சீட்டைப் பார்த்தார், பணத்தைத் தந்தார், அடுத்தவரை அழைத்தார். நான் மனத்திலே ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் அனைத்தும் வீணாயின.

இந்த ஆண்டு மலர்க் குழுவினர் என்னை அணுகியபோது, ஒரு வேலை மட்டும் செய்கின்றேன் என்றேன். அச்சுப்படியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மேடையைப் பற்றிக் கேட்டார்கள். என்னால் ஏலாது என்றேன். ஒருவர் முகம் சற்றே மாறியது. பின்னர் வேறொருவர் அப்பொறுப்பை ஏற்றார்.

விடுபட்ட அக்கட்டுரையை இம்மலரிலே வெளியிடலாம் என்று அம்மாணவியிடம் கேட்டேன். அவள் இப்போது இரண்டு வயது வளர்ந்துவிட்டாள். தன் பழைய தாள்களை வாங்கி வாசித்துச் சிரித்தாள்.

“இது சின்னப்பிள்ளை எழுதினது, மாஸ்டர். வேண்டாம். புதுசா ஒண்டு எழுதித் தாறன். ஆனா இப்ப ஏலாது. மே மாதம் பள்ளிக்கூடத்திலை சோதனை. அது முடியத்தான்.”

ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை நான்கு பக்கங்கள் கொண்டுவந்து தந்தாள். கிணற்றைப் பற்றியேதான் எழுதியிருக்கின்றாள். இம்முறை அச்சுப்படியை என் பக்கத்தில் அமர்ந்து அவளே பார்த்தாள். நான் கவனியாது விட்ட இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையினால் வட்டமிட்டாள்.